கடைசி மூன்று பகுதிகளின் குரல்

திராட்சைப் பந்தலுக்குள் உயரமான ஆள் நிமிர்ந்து நடக்க முடியாது. அவர் நல்ல உயரம். அதனால் தலையைக் குனிந்துகொண்டே ஓடி வந்தார். கையில் மருந்து தெளிக்கிற பைப். பின்னால் கறுப்புக் கோட்டு போட்ட நான்கு அடியாட்கள்.

திடீரென்று நின்று திரும்பி பைப்பைத் திறந்துவிட்டார். மயில்துத்தக் கரைசல் என்று சொல்லிக் கலக்கி வைத்திருந்த சாயத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நான்கு பேரும் தலையிலிருந்து கால் வரை நீலமாகிப் போனார்கள்.

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "இலைக்கு அடிச்சா நோய் போகும்டா. உனக்கு அடிச்சா பேயே போகும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். இயக்குநர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முள்வேலிக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற சுருளிப்பட்டிச் சனம் கைதட்டியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வசனத்தின் கடைசிச் சொல்லில் குரல் இல்லை. "போகும்" என்பது வெறும் காற்றாக வெளியே வந்தது. மூச்சிரைப்பதாக நன்றாக நடிக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பெயர் சொல்லாமல்

இதுவரை எழுதிய வாரங்களில் யார் யார் குரலையெல்லாம் மேடையில் எடுத்தேன் என்று பெயரோடுதான் சொல்லி வந்தேன். இந்த வாரம் மட்டும் முடியாது. "எல்லாத்தையும் எழுதுங்கண்ணே, அப்பா பேர் மட்டும் வேண்டாம்" என்று அவர் மகள் கேட்டுக்கொண்டார். பெரியவர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கண்டுபிடித்துவிட்டவர்கள் மனதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. தேனி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் எனக்கு ஒரு ரெக்கார்டிங் ரூம் உண்டு. சுவரெல்லாம் பஞ்சும் சாக்குத் துணியும் அடித்த சின்ன அறை. ஆட்டோவில் மைக் கட்டி ஓட்டுகிற அறிவிப்புகளுக்கு அங்கே குரல் கொடுக்கிறேன். திருவிழாக் காலத்தில் மேடைகளில் மிமிக்ரி. இருபத்தைந்து வயதிலிருந்து நான் அதிகமாக எடுத்த குரல் பெரியவருடையதுதான். அந்தக் குரல்தான் எனக்குப் பெண்டாட்டியையும் வாங்கிக் கொடுத்தது என்று ஸ்டெல்லா இன்றைக்கும் சொல்வாள்.

சினிமாவில் வாய்ப்புக் குறைந்து, ஐந்தாறு வருடம் வீட்டிலேயே இருந்த பெரியவருக்கு அந்த உளவாளித் தொடர் வந்தது. சண்டையும் சிரிப்புமாகப் போகிற கதை. ரிட்டயர் ஆன உளவாளி ஒருவர், மூட்டுவலியோடும் பிரஷர் மாத்திரையோடும் நாட்டைக் காப்பாற்றக் கிளம்புகிறார். அவர் உரக் கம்பெனியில் சேல்ஸ்மேனாக இருந்தவர் என்றுதான் மனைவி நம்பிக்கொண்டிருக்கிறார்.

மொத்தம் எட்டுப் பகுதிகள். முதல் ஐந்தையும் சென்னையில் எடுத்து, டப்பிங்கும் முடித்துவிட்டார்கள். கடைசி மூன்றில் உளவாளி எதிரிகளிடமிருந்து தப்பி, எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை விவசாயியாக ஒளிந்துகொள்கிறார். அதற்காகத்தான் படக்குழு இங்கே வந்தது.

எனக்கு அதில் ஒரு சின்ன வேடம். கோழித் தீவன விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு எதிரிகளின் ரகசியச் செய்தியை ஊரெல்லாம் மைக்கில் சொல்லிவிடுகிற ஆட்டோக்காரன். பெரிதாக நடிக்க வேண்டிய அவசியமே இல்லாத வேடம்.

காற்று

அவர்கள் வந்தது ஆடியில். ஆடியில் இந்தப் பக்கம் யாராவது சவுண்டோடு படம் எடுக்க வருவார்களா? மலை இடைவெளி வழியாக இறங்குகிற காற்றில் தென்னை மட்டை பறக்கும், தகரம் பறக்கும், பேசுகிற பேச்சும் பறந்துவிடும். சவுண்ட் இன்ஜினியர் முதல் நாளே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். "எல்லாத்தையும் டப்பிங்ல பார்த்துக்கலாம்" என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

பெரியவர் கோம்பைக்கு மேலே, மலையடிவாரத்தில், தெரிந்தவர் ஒருவருடைய தோட்ட வீட்டில் தங்கியிருந்தார். கோம்பைக்காரரான டிரைவர் முருகேசன்தான் அவரைக் கூட்டி வருவதும் கொண்டு விடுவதும். முருகேசன் எனக்கு மேடை நாட்களிலிருந்தே பழக்கம்.

"ஐயா ஒண்ணுமே சாப்புட மாட்றாகண்ணே. கஞ்சிய வச்சா ரெண்டு வாய் குடிச்சாக, போதும்னு தள்ளிட்டாக. தண்ணி குடிக்கும்போது மொகத்தச் சுளிக்காக" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அந்த நீலத் தண்ணீர் சண்டை எடுத்த அன்று மதிய இடைவேளையில் உதவி இயக்குநர் ஒருவர் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெரியவர் முன்னால் நிறுத்தினார். "சார், இவர் உங்களை மாதிரியே பேசுவாராம்."

பெரியவர் பந்தல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெந்நீர் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். "பேசுப்பா" என்றார்.

முப்பது வருடங்களுக்கு முன்னால் அவர் கோர்ட்டில் நின்று முழங்கிய ஒரு காட்சியைப் பேசிக் காட்டினேன். மேடையில் இதற்கு விசில் பறக்கும். அங்கேயும் கைதட்டினார்கள். பெரியவரும் தட்டினார். அப்புறம் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நல்லா இருக்கு. ஆனா அவன் நான் இல்லப்பா. அவன் எப்பவோ போயிட்டான்."

சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். செருமிய பிறகும் குரல் தெளியவில்லை.

அப்பாவின் வாசகம்

அந்தச் செருமல் எனக்குத் தெரியும்.

எங்கள் அப்பா ராயப்பன்பட்டியில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர் அவர்தான். கோயிலின் கடைசித் தூண் வரைக்கும் மைக் இல்லாமல் கேட்கிற குரல். ஈஸ்டருக்கு முந்தின ஒரு தவசு காலத்தில் அந்தக் குரலில் மணல் விழுந்தது. சளி என்றார். அதிமதுரம் மென்றார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தார். பரீட்சை முடியட்டும், பிள்ளைகள் பாஸாகட்டும் என்று மதுரைக்குப் போவதைத் தள்ளிக்கொண்டே போனார்.

அடுத்த தவசு காலத்தில் அவர் இல்லை.

ஊரிலுள்ள எல்லார் குரலையும் எடுத்துக் காட்டுகிற வயது எனக்கு. அம்மா ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, யாரு கொரல வேணும்னாலும் எடு. அப்பா கொரல மட்டும் எடுத்துறாத" என்றாள். இன்று வரை எடுத்ததில்லை.

தெரியும்ப்பா

மறுநாள் எனக்குப் படப்பிடிப்பு இல்லை. இருந்தும் போனேன். அடுத்த ஷாட்டுக்கு விளக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் வாய்க்கால் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. தொண்டைய டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பக்கத்துக் கல்லைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"தெரியும்ப்பா. இங்க வர்றதுக்கு முன்னாடியே தெரியும். ஆபரேஷன் பண்ணினா குரல் போயிடும்னு சொல்லிட்டாங்க. மொத்தமா போயிடும்."

"அப்பறம் எதுக்கு சார் இங்கன வந்து, இந்தக் காத்துலயும் தூசியிலயும்..."

"இது முடியணும். டப்பிங் பேசணும். அதுக்கப்புறம் எடுத்துக்கட்டும். குரல் இல்லாத நடிகனை யார் கூப்பிடுவா? இதுதான் கடைசி. இதுல என் குரல் இருக்கணும்."

"வீட்ல தெரியுமா சார்?"

தலையை ஆட்டினார். தெரியாது. மனைவி போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. இருப்பது ஒரே மகள்.

நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். பரீட்சைக்காகத் தள்ளிப் போட்டதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. மேனேஜர் ஓடி வந்து, "யோவ், யாருய்யா நீ? சாரை ஏன் தொந்தரவு பண்றே?" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார். பெரியவர் கையை உயர்த்தி அவரைப் போகச் சொன்னார்.

"டப்பிங் முடிய எவ்வளவு நாளாகும் சார்?" என்றேன்.

"ஷூட்டிங் முடியணும். எடிட்டிங் முடியணும். மூணு மாசம் ஆகலாம்."

"எங்கப்பா தள்ளிப்போட்டது அதவிடக் கொஞ்சந்தான் கூட சார்."

வாய்க்காலில் பெரியாறு தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்குள்ளிருந்து "சார், ஷாட் ரெடி" என்று கூப்பிட்டார்கள். எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். போனவர் அந்த ஷாட்டில் ஒரு மொபெட்டில் ஏறி, வாழைத்தார் லாரியை முந்தி, கையை விட்டுவிட்டுக் கும்பிடு போட்டார். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் அவர் மகளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாராம். மறுநாள் காலையில் அந்தப் பெண் கோம்பையில் வந்து இறங்கினார். முருகேசன்தான் எனக்குச் சொன்னார். "வந்ததும் வாசல்லயே ஒக்காந்துட்டாகண்ணே அந்தம்மா. உள்ள போகவே இல்ல. ஐயா வெளிய வந்து பக்கத்துல ஒக்காந்தாக. எனக்குப் பாக்க முடியல, நான் வண்டியத் தொடைக்கப் போயிட்டேன்."

பெரியவர் வருகிற காட்சிகளை மட்டும் ஒரே வாரத்தில் அள்ளிப் போட்டு எடுத்தார்கள். டப்பிங் பேச அவர் காத்திருக்கவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சிலேட்டு

மார்கழியில் முருகேசன் என் அறைக்கு வந்தார். "ஐயா கோம்பைக்கு வந்துருக்காக. ஒங்கள வரச் சொன்னாக."

அதே தோட்ட வீடு. பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாமல் ஓய்வெடுக்க அங்கே வந்திருந்தார். பாதியாகியிருந்தார். கழுத்தில் பருத்தித் துண்டு. அவர் மூச்சு விடும்போதெல்லாம் அந்தத் துண்டு லேசாக உள்ளே போய் வெளியே வந்தது. மூச்சு மூக்கு வழியாக வரவில்லை, கழுத்து வழியாக வருகிறது என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

மகள்தான் பேசினார். கடைசி மூன்று பகுதிகளுக்கும் குரல் இல்லை. பழைய வசனங்களை வைத்துக் கம்ப்யூட்டரிலேயே அப்பா குரலைச் செய்துவிடலாம் என்று கம்பெனியில் சொல்கிறார்கள். ஒரு காட்சிக்குச் செய்தும் அனுப்பியிருக்கிறார்கள். அப்பா கேட்டுவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்.

பெரியவர் மடியில் குழந்தைகள் எழுதி அழிக்கிற பிளாஸ்டிக் சிலேட்டு ஒன்று இருந்தது. எழுதி என் பக்கம் திருப்பினார்.

"மூச்சு விடறவன் பேசட்டும்."

"சார், சென்னையில என்னையவிடப் பெரிய ஆளுங்க இருக்காங்க சார்" என்றேன்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பினது நீதானே? மிச்சத்தை நீயே பேசு."

எழுதிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. சத்தமில்லாமல் ஒரு மனிதர் சிரிப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவர் மகள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு மூச்சு

என் அறையிலேயே வைத்துக்கொண்டோம். சென்னையிலிருந்து ஓர் இன்ஜினியர் தன் மெஷின்களோடு வந்தார். பெரியவர் மாடிப்படியில் இரண்டு முறை நின்று இளைப்பாறி ஏறி வந்தார். என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் நாள் நான் பேசியது எல்லாமே வீண். நான் எடுத்தது இளவயதுப் பெரியவரின் குரல். திரையில் இருந்தவர் கிழவர். வாயும் குரலும் ஒட்டவில்லை. பெரியவர் கையைக் கீழே கீழே இறக்கிக் காட்டினார். குறை, இன்னும் குறை. மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் தொடையைத் தட்டினார். நக்கலாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். என் வாழ்நாளெல்லாம் நான் வைத்திருந்த குரலை இறக்கி வைத்துவிட்டு, வாய்க்கால் கரையில் கேட்ட குரலைத் தேடினேன். மூன்றாம் நாள்தான் அது வந்தது. வந்தபோது பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நீலத் தண்ணீர் வசனத்தை அன்றுதான் பேசினேன். இன்ஜினியர் கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தார்.

கடைசிப் பகுதியின் கடைசிக் காட்சி மட்டும் மிஞ்சியது. எதிரிகள் எல்லாரும் பிடிபட்ட பிறகு, உளவாளி தன் மனைவிக்குப் போன் செய்து உண்மையைச் சொல்கிற காட்சி.

"இத்தனை வருஷமா உன்கிட்ட சொன்னதெல்லாம் பொய். வேலை பொய், ஊர் பொய், பேரு கூடப் பொய். உன் குழம்பு நல்லா இருக்குன்னு சொன்னது மட்டும்தான் நெசம்."

சிரிக்க வைப்பதற்காக எழுதின வசனம். பேசினேன். பெரியவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. மறுபடி பேசினேன். மறுபடியும் இல்லை. எத்தனை முறை என்று எண்ணவில்லை. எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

பெரியவர் எழுந்தார். என் பக்கத்தில், மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். திரையைப் பார்க்காதே என்று கையால் சொல்லி, தன் வாயைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் வாயசைத்தார்.

நான் அவர் உதட்டையே பார்த்துப் பேசினேன். அவர் நிறுத்தின இடத்தில் நிறுத்தினேன். "பேரு கூடப் பொய்" என்பதற்கும் "உன் குழம்பு" என்பதற்கும் நடுவில் அவர் நீண்ட நேரம் நின்றார். அந்த இடத்தில் அவர் கழுத்துத் துண்டு உள்ளே போய் வெளியே வந்தது. மிச்சத்தையும் சொல்லி முடித்தோம்.

இன்ஜினியர் ஹெட்போனைச் சரி செய்தபடி, "அண்ணே, நடுவில காத்துச் சத்தம் ஒண்ணு விழுந்திருக்கு. ஒன் மோர் போலாமா?" என்றார்.

அவர் மகள் வாசலில் நின்றிருந்தார். "அது காத்து இல்ல. அப்பா. இருக்கட்டும் விடுங்க" என்றார்.

விட்டுவிட்டார்கள். அந்தக் காட்சியை இப்போது பார்த்தாலும் கேட்கும். வசனம் என்னுடையது. நடுவில் விழுகிற மூச்சு அவருடையது.

ஊர் சொன்னது

தொடர் வந்தது. வீடு வீடாகப் பார்த்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் போனில் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். "இந்த வயசுலயும் கொரல் எப்பிடி நிக்கிது பாத்தியா மனுசனுக்கு" என்று டீக்கடையில் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறப்பதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்த வருடம் சின்னமனூர் மேடையில் கூட்டம் அவர் குரல் வேண்டுமென்று கத்தியது. வேறு யார் யார் குரலையோ எடுத்தேன். அதை எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

கோம்பைக்கு அடிக்கடி போய் வந்தேன். அவர் சிலேட்டில் எழுதுவார், நான் பேசுவேன். நோய் திரும்பி வந்துவிட்டது என்றும் சிலேட்டில் எழுதித்தான் காட்டினார். "சீக்கிரம் அனுப்பியும் பிரயோஜனம் இல்லாமப் போச்சே சார்" என்றேன். அவர் வேகமாக எழுதினார்.

"ஒரு வருஷம் மகளோட இருந்தேன். போதாதா?"

போதாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

சென்னைக்குக் கூட்டிப் போனார்கள். அப்புறம் டிவியில்தான் செய்தி வந்தது.

அறிவிப்பு

அன்று காலை பத்து மணிக்குள் அவருடைய ரசிகர் மன்றத்துக்காரர்கள் நாலு பேர் மாடியேறி வந்துவிட்டார்கள். எல்லாருமே தலை நரைத்தவர்கள். ஒருவர் செருப்பில்லாமல் வந்திருந்தார். சாயங்காலம் நேரு சிலையிலிருந்து மௌன ஊர்வலம். அதற்கு ஆட்டோவில் அறிவிப்புச் செய்ய வேண்டும்.

"அண்ணே, அவுக கொரல்லயே ஒரு ரெண்டு வரி பேசிக் குடுங்க. 'என் உயிரான ரசிகர்களே, போய்ட்டு வர்றேன்'னு. கேட்டா சனம் உருகிரும்ணே" என்றார் மன்றத் தலைவர்.

"அது வேணாம்ணே. என் கொரல்லயே சொல்றேன்."

"நீங்கதான இந்த ஜில்லாவுலயே அவுக கொரலுக்கு ஆளு. இன்னிக்கு எடுக்காம என்னைக்கு எடுக்கப் போறீக?"

"செத்தவுக பேசக் கூடாதுண்ணே" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. செருப்பில்லாமல் வந்தவர், "அவரு சொல்றது சரிதான்யா" என்று முணுமுணுத்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு மைக் முன்னால் நின்றேன். ஆயிரம் அறிவிப்புச் சொன்ன வாய். தடங்கல் இல்லாமல் வந்தது. பெயர், வயது, ஊர்வலம் புறப்படும் இடம், நேரம். ஒரே டேக். அவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிவாக்கில் ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பியது. மேடு பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி மெதுவாக வந்தது. அவர் பெயரைச் சொல்லி, நம்மை விட்டுப் பிரிந்தார் என்று சொன்னது. என் குரல்தான். ஆனால் யாரோ எனக்குச் சொல்வது போலிருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அதுவரை வராதது எல்லாம் அப்போது வந்தது. ஆட்டோ அடுத்த தெருவுக்குப் போய், அதற்கடுத்த தெருவுக்கும் போய்விட்டது. எனக்கு நிற்கவில்லை.

ஸ்டெல்லா பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

"ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பிட்டு, ஒங்களுக்கு இப்பத்தான் சேதி வந்த மாதிரி அழுகுறீகளே" என்றாள்.